பாப் மார்லியும் மன அடிமைத்தனமும்

சென்ற மாதம் க்ஷவரம் செய்துகொள்ளுவதற்காக ஒரு சலூனுக்குப் போயிருந்தோம். சுவரில் முருகன் படம் ஒன்று, லட்சுமி படம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் சடைசடையாய்த் தலைமயிர் தொங்கும் ஒரு கறுப்பு மனிதரின் படம் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. "தோழரே, நடுவில் இருக்கிறவர் யார்?" என்று கேட்டோம். "பாப் மார்லிங்க. பெரிய பாட்டுக்காரரு" என்றார். "அவர் பாடினது என்ன?" என்றோம். "பாஷை தெரியாதுங்க. ஆனா பெரிய ஆளுங்க" என்றார்.

கத்தி நம் கழுத்தில் இருக்கும்போது தர்க்கம் செய்வது யுக்தமல்லவென்று பேசாமலிருந்து விட்டோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஊதுவத்தி நம் மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால், மனதைக் கட்டியிருக்கும் தளையை வெளியார் எவரும் வந்து அவிழ்க்கமாட்டார்கள், அவனவனேதான் அவிழ்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தை ஒற்றைக் கித்தாரை வைத்துக்கொண்டு உலகமெல்லாம் கேட்கப் பாடின மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர் படத்துக்கு ஊதுவத்தி கொளுத்துவதென்றால் அதைவிடப் பெரிய தமாஷ் வேறில்லை. ஆனால் இந்தத் தமாஷை ஆரம்பித்து வைத்தது நம் சலூன்காரர் அல்ல. அந்தப் பாடகரே தான் என்பதைச் சொல்லுவதற்காகவே இதை எழுதுகின்றோம். நமது பத்திரிகை சங்கீதப் பத்திரிகை அல்லவே, பாட்டுக்காரன் சங்கதி நமக்கெதற்கு என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

ஜமைக்கா என்பது அமெரிக்காவுக்குத் தெற்கே கடலுக்குள் கிடக்கும் ஒரு தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து ஆடுமாடுகளைப்போல் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரப்பட்ட மக்களைக்கொண்டு வெள்ளைக்காரர்கள் அங்கே கரும்பு விளைவித்தார்கள். 1834ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து, 1838ல் தான் உண்மையாக ஒழிந்தது. ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் குறைந்துபோகவே, 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆகவே அந்தத் தீவின் கண்ணீர் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. அத்தீவின் செயிண்ட் ஆன் ஜில்லாவில், நைன் மைல் என்னும் மலைக் குக்கிராமத்தில், 1945ம் வருஷம் பிப்ரவரி 6ந் தேதி பாப் மார்லி பிறந்தார். தகப்பன் வயதான வெள்ளைக்காரர். தாய் இளம் கறுப்புப் பெண். தகப்பன் முகத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை. பிள்ளையை வளர்த்து ஆளாக்கினவள் தாயே. பிறகு தலைநகரான கிங்ஸ்டனில், டிரெஞ்ச் டவுன் என்ற ஏழைகள் வட்டாரத்தில் வாசம். அங்கே ஜோ ஹிக்ஸ் என்ற பாடகர் தம் வீட்டு முற்றத்தில் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பாடும் வித்தையைச் சொல்லிக்கொடுத்து வந்தார். ஜாதகமும் குருதக்ஷிணையும் கேட்காத வாத்தியார். அவரிடம் பழகினவர்களில் பாப் மார்லி, பீட்டர் டாஷ், பன்னி வெயிலர் என்ற மூவர் சேர்ந்துதான் 'வெயிலர்ஸ்' என்ற பாட்டுக் கூட்டம்.

இவர்கள் பாட்டுக்கு ரெகே என்று பெயர். அது எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜமைக்காவின் கிராமங்களில் கித்தாரும் பாஞ்சோவும் ஒரு மரப்பெட்டி வாத்தியமுமாக, ஊர் வம்பையும் கேலியையும் வைத்துப் பாடும் மெண்டோ என்ற நாட்டுப்பாட்டு ஒன்று. அமெரிக்க ரேடியோ வழியாகக் கடல் தாண்டி வந்து காதில் விழுந்த, அந்நாட்டுக் கறுப்பர்களின் சோல் பாட்டு ஒன்று. வெயிலர்ஸ் பிள்ளைகள் கர்டிஸ் மேஃபீல்டு என்ற அமெரிக்கரின் கோஷ்டியைப் பார்த்தே தங்கள் குரலைச் சேர்த்துப் பாடப் பழகினார்கள். இவ்விரண்டும் கலந்து, ஸ்கா என்றும் ராக்ஸ்டெடி என்றும் உருமாறி, 1968 வாக்கில் ரெகே ஆயிற்று. மற்றவர்கள் அடி போடுகிற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அடிக்கும் அடிக்கும் நடுவில் கித்தாரை வெட்டி வெட்டி வாசிப்பது இதன் லட்சணம். இன்ன ராகம் இன்ன ஜாதியார்தான் பாடலாம், இன்ன வாத்தியத்தை இன்னார் தொட்டால் தீட்டு என்ற பேச்சு அங்கே கிடையாது. கிடைத்ததைக் கலந்தார்கள், நன்றாயிருந்தது, பாடினார்கள். 2018ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை மனித குலத்தின் கலைச் செல்வங்களில் ஒன்றென்று பட்டியலில் சேர்த்தது. சேரிப் பாட்டு என்று ஒரு காலத்தில் கிங்ஸ்டன் பெரிய மனிதர்களே மூக்கைப் பிடித்துக்கொண்ட சங்கதி அது.

இனி முதலாளிகள் சங்கதி. 1964ல் வெயிலர்ஸ் கூட்டத்தாரின் 'சிம்மர் டவுன்' என்ற பாட்டு அத்தீவு முழுவதும் பிரக்கியாதி பெற்றது. பிளேட்டுகள் மளமளவென்று விற்றன. விற்ற பணம் யாருக்கு? பிளேட்டுக் கம்பெனி முதலாளிக்கு. பாடின பிள்ளைகளுக்கு வாரத்துக்குச் சில பவுன் கூலி. நெய்கிறவனுக்குத் துணியில்லை, உழுகிறவனுக்குச் சோறில்லை என்று நாம் இங்கே கண்ட கணக்கேதான் அங்கேயும். இதைக் கண்ட மார்லி என்ன செய்தார் என்றால், கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்ளவில்லை. 1966ல் அமெரிக்காவுக்குப் போய், அங்கே தாயார் இருந்த ஊரில், மோட்டார் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்து, கையில் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து, தோழர்களோடு சேர்ந்து சொந்தத்திலேயே பிளேட்டுப் போட ஆரம்பித்தார். மூலதனம் போதாமல் அது நொடித்துப் போயிற்று. 1970ல் மறுபடியும் 'டஃப் காங்' என்ற பெயரில் ஆரம்பித்தார். இதைத்தான் நாம் சுயமரியாதை என்கின்றோம். தன் தொண்டையிலிருந்து வருகிற பாட்டு தனக்குச் சொந்தம் என்று ஒரு ஏழை சொல்லத் துணிவது லேசான காரியமல்ல.

1972ல் லண்டனில் ஐலண்டு என்ற கம்பெனியார் 4,000 பவுன் முன்பணம் கொடுத்து ஒரு இசைத்தொகுப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். அத்தொகுப்பு 1973ல் வெளிவந்தபோது, வெள்ளைக்காரக் காதுகளுக்கு இதமாயிருக்கட்டும் என்று லண்டனில் வேறு வாத்தியங்களைக் கொண்டு மெழுகிவிட்டிருந்தார்கள். சீக்கிரத்திலேயே பீட்டர் டாஷும் பன்னியும் பிரிந்துபோய் அவரவர் சொந்த லேபிளை வைத்துக்கொண்டார்கள். மார்லி கம்பெனியோடேயே இருந்து உலகப் பேர் பெற்றார். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் தயாராயில்லை. ஆனால் ஒரு வேடிக்கையை மாத்திரம் சொல்லாமலிருக்க முடியவில்லை. முன்னே செய்துகொண்ட ஒரு ஒப்பந்தப்படி அவர் எழுதும் பாட்டின் வருமானம் பழைய பதிப்பாளருக்குப் போகவேண்டியிருந்தது. ஆகவே சில பாட்டுகளை வேறு பேர்களின் பெயரால் வெளியிட்டார். அவற்றில் ஒன்றான 'நோ உமன் நோ க்ரை' என்ற பிரசித்திபெற்ற பாட்டு, டிரெஞ்ச் டவுனில் ஏழைகளுக்குக் கஞ்சித்தொட்டி நடத்திவந்த வின்சென்ட் ஃபோர்டு என்ற நண்பரின் பெயரில் இருக்கின்றது. இந்த வழக்கு லண்டன் ஹைகோர்ட்டில் 2014ல் தான் 13 பாட்டுகளைப் பற்றித் தீர்ப்பாயிற்று. பழைய பதிப்பாளர் தோற்றுப்போனார். பாடினவர் மாண்டு 33 வருஷங்கள் ஆனபிறகு, அவர் பாட்டு எந்தக் கம்பெனியின் சொத்து என்று இரண்டு கம்பெனிகள் அடித்துக்கொண்டன! கலைமகள் நாவில் வாசம் செய்கிறாள் என்பவர்கள், அவளுக்கு வாடகை வாங்குகிறவன் யார் என்பதையும் சொன்னால் நல்லது.

நிற்க. நாம் முதலில் சொன்ன பாட்டுக்கு வருவோம். அதன் பெயர் 'ரிடெம்ஷன் சாங்'. மீட்சிப் பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். 1980ல் வெளிவந்த 'அப்ரைசிங்' என்ற தொகுப்பில் கடைசியாக இருப்பது. மற்றப் பாட்டுகளில் மத்தளமும் பெரிய கோஷ்டியும் இருக்க, இதில் அவரும் ஒரு கித்தாரும் மாத்திரம். உடம்பில் வியாதி ஏற்கனவே ஏறியிருந்த காலம். பாட்டின் உயிரான கருத்து, மனத்தின் அடிமைத்தனத்தைப் பற்றிய அந்தக் கருத்து, அவருடையதல்ல. அதே செயிண்ட் ஆன் ஜில்லாவில் 1887ல் பிறந்த மார்க்கஸ் கார்வி என்பவருடையது. கார்வி தொழிலால் அச்சுக்கோக்கிறவர். 1914ல் கறுப்பு மக்களின் முன்னேற்றத்துக்காக ஒரு சங்கம் கண்டு, பத்திரிகைகள் நடத்தி, 1919ல் கப்பல் கம்பெனியே வைத்து, அமெரிக்காவில் லட்சக்கணக்கான கறுப்பர்களைத் தலை நிமிர வைத்தவர். கப்பல் வியாபாரம் விழுந்தது. தபால் மோசடி என்று வழக்குப் போட்டுச் சிறையில் வைத்து, 1927ல் நாடு கடத்தினார்கள். பிறகு 1937 அக்டோபரில், கானடா தேசத்தில் நோவா ஸ்கோஷியா என்ற மாகாணத்தில், இரும்புத் தொழிற்சாலைக் கறுப்புத் தொழிலாளர்கள் வாழ்ந்த சிட்னி என்ற ஊரில் பேசும்போதுதான் அந்தக் கருத்தைச் சொன்னார். மற்றவர்கள் உடம்பின் விலங்கை அறுத்துவிடலாம், மனதின் விலங்கை நாமேதான் அறுத்துக்கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். 43 வருஷங்களுக்குப் பிறகு மார்லி அதை எடுத்துப் பாட்டில் வைத்தார். ஒரு பொதுக்கூட்டப் பேச்சு இவ்வளவு தூரம் பிரயாணம் செய்வது அபூர்வம்.

ஆனால் அந்தக் கார்வியே அதே 1937ம் வருஷம், அந்தப் பேச்சுக்குச் சில மாதங்கள் முன்னால், தமது 'தி பிளாக் மேன்' பத்திரிகையில் வேறொரு தலையங்கமும் எழுதினார். அது எத்தியோப்பியா தேசத்துச் சக்கரவர்த்தி ஹெயிலி செலாசியைப் பற்றியது. மார்லி பேச்சை எடுத்துக்கொண்டார், தலையங்கத்தை விட்டுவிட்டார். வந்த வினையெல்லாம் இந்த இடத்தில்தான்.

செலாசி யார் என்றால், நம்மவர்கள் அந்நாளில் அபிசீனியா என்று வழங்கிய தேசத்தின் ராஜா. பட்டத்துக்கு வருமுன் பெயர் ராஸ் தஃபாரி. 1930 நவம்பர் 2ந் தேதி அவர் முடிசூட்டிக்கொண்ட செய்தி ஜமைக்காவுக்கு எட்டியதும், ஏழைக் கறுப்பர்களிடையே சிலர், பைபிளில் சொன்ன கடவுள் இவர்தான், நம்மை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போக வந்துவிட்டார் என்று பிரசாரம் செய்தார்கள். ரஸ்தஃபாரி மதம் என்பது இதுவே. இதை முதலில் பிரசங்கம் செய்தவர்களில் முக்கியமானவர் லெனர்டு ஹவல் என்பவர். அவர் எழுதின புஸ்தகத்துக்கு 'ஜி. ஜி. மராக்' என்று ஆசிரியர் பெயர் போட்டுக்கொண்டார். அந்த மராக் நம் வடநாட்டு மகாராஜ் தானென்று சொல்லுகின்றார்கள். அவர்கள் புண்ணியமான பூண்டு என்று புகைக்கிற வஸ்துவுக்கு அங்கே பெயர் கஞ்சா. பெயர் இந்தியக் கூலிகளோடு கப்பலேறிப் போனது. நம் நாட்டிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த சரக்கின் லட்சணத்தைப் பாருங்கள்!

இந்த மதத்தார்மீது நமக்குக் கோபமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம். வெள்ளைக்காரன் ஒரு கையில் சவுக்கையும் மறு கையில் வெள்ளைக் கடவுளின் படத்தையும் வைத்துக்கொண்டு அவர்களை அடித்தான். 'அந்தக் கடவுள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் நிறத்தில் ஒரு கடவுளைக் கொண்டுவருகின்றோம்' என்று அவர்கள் சொன்னதில் ரோஷம் இருக்கின்றது. அந்த ரோஷத்துக்காக அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. ஹவலை 1934ல் ராஜத்துவேஷக் குற்றம் சாட்டி ஜெயிலில் போட்டார்கள். 1963ல் ஈஸ்டர் சமயத்தில் கோரல் கார்டன்ஸ் கலவரத்தை ஒட்டி ரஸ்தஃபாரிகளைப் பிடித்து அடித்து, சடையைக் கத்தரித்தார்கள்; அதற்கு ஜமைக்கா சர்க்கார் 2017ல் தான் மன்னிப்புக் கேட்டது. ஆகவே அவர்களை நம் நாட்டு மடாதிபதிகளோடு ஒன்றாக வைத்துப் பேசுவது அக்கிரமம்.

ஆனாலும் வெள்ளைக் கடவுளை இறக்கிவிட்டு அதே நாற்காலியில் கறுப்புக் கடவுளை உட்கார வைத்தால் நாற்காலி அப்படியேதானே இருக்கின்றது? பார்ப்பனப் புரோகிதனை நிறுத்திவிட்டு, அதே மந்திரத்தைச் சொல்ல நம் ஜாதியிலேயே ஒருவனைப் பூணூல் போட்டு வைத்துக்கொண்டால் அது சுயமரியாதைக் கல்யாணம் ஆகுமா? அன்றியும், உட்கார்ந்தவர் யோக்கியதையையும் பார்க்கவேண்டாமா? அடிமைகளின் பேரப்பிள்ளைகள் கடவுளாகத் தேர்ந்தெடுத்த அந்த ராஜாவின் நாட்டில், அவர் முடிசூட்டிக்கொண்ட அன்று அடிமைமுறை இருந்தது. முழுவதும் ஒழித்துச் சட்டம் போட்டது 1942ல். இத்தாலியன் படையெடுத்து வந்து யுத்தம் நடந்தபோது 1936ல் அவர் நாட்டை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கார்வி 1930ல் அவர் முடிசூட்டை வரவேற்று எழுதியவர்தான். ஆனால் 1937ல், தன் இனத்தாரையே அடிமையாய் வைத்திருந்த நாட்டை அப்படியே விட்டு, யுத்தத்துக்கும் தயார் செய்யாமல், உயிர் பிழைக்க ஓடிப்போன கோழை என்று கூசாமல் எழுதினார். கார்வி நாத்திகரல்ல, கடவுளைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கவேண்டும் என்று சொன்னவர் தான். ஆனால் ராஜா தப்புச் செய்தால் தப்பென்று சொல்லும் நாணயம் அவரிடமிருந்தது. அவருடைய பேச்சின் அர்த்தம் அந்தத் தலையங்கத்தில் இருக்கின்றது என்று நாம் சொல்லுவோம். அப்படியிருந்தும் அவரையே தங்கள் தீர்க்கதரிசி என்று கும்பிடுகிறவர்கள், அவர் கோழை என்றவரையே கடவுள் என்கிறார்கள்!

1966 ஏப்ரல் 21ந் தேதி செலாசி ஜமைக்காவுக்கு வந்தபோது விமான நிலையமே கொள்ளாத கூட்டம். மார்லியின் மனைவி ரீட்டா அம்மையார், ராஜா கையை ஆட்டிக்கொண்டு போனபோது உள்ளங்கையில் ஆணி அறைந்த தழும்பைக் கண்டதாகவும், அதனால் நம்பிக்கை வந்ததாகவும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். கூட்டத்தில் நின்றுகொண்டு, ஓடுகிற வண்டியில் போகிறவர் உள்ளங்கையைப் பார்த்ததற்கு நாம் என்ன சொல்வது? நம் ஊர்களில் பிள்ளையார் பால் குடித்ததைக் கண்ணால் கண்டவர்கள் 1995லிருந்து எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அம்மையாரை மட்டும் குறை சொல்ல நமக்கு வாயில்லை. பிறகு 1973ல் எத்தியோப்பியாவின் வல்லோ மாகாணத்தில் பஞ்சம் வந்து ஜனங்கள் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள். அரண்மனை அதை மூடி மறைத்தது. பிரிட்டிஷ் டெலிவிஷன்காரர் ஒருவர் படம் பிடித்துக் காட்டின பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. 1974 செப்டம்பரில் சொந்தப் பட்டாளமே கடவுளை அரண்மனையிலிருந்து இறக்கிற்று. 1975 ஆகஸ்டில் கடவுள் காவலிலேயே மாண்டுபோனார். உடனே மார்லி என்ன செய்தாரென்றால், கடவுள் சாகவில்லை, உயிரோடிருக்கிறார் என்று 'ஜா லிவ்' என்ற ஒரு பாட்டைப் போட்டார்.

அவர் பாட்டிலேயே இந்த முடிச்சு இருக்கின்றது. 1973ல் அவரும் பீட்டர் டாஷும் சேர்ந்து எழுதின 'கெட் அப் ஸ்டாண்ட் அப்' என்ற பாட்டில், செத்தபிறகு மோட்சம் என்று ஆசை காட்டும் பாதிரியை வாயை மூடச் சொல்லி, உன் பங்கை இந்தப் பூமியிலேயே கேள், உரிமைக்கு எழுந்து நில் என்கின்ற கருத்து வருகின்றது. நம் கூட்ட மேடைகளில் இதற்குமேல் யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்டு நாம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே அதே பாட்டு, கடவுள் என்பவர் உயிரோடு நடமாடும் ஒரு மனிதர்தான் என்று ராஜாவின் பக்கம் கையைக் காட்டிவிடுகின்றது. ஆகாயத்திலிருந்து இறக்கின கடவுளைச் சிம்மாசனத்தில் ஏற்றிவிட்டார்! நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1976ல் வந்த 'வார்' என்ற அவர் பாட்டு, செலாசி 1963ல் ஐக்கிய நாடுகள் சபையில் நிறத்திமிருக்கு எதிராகப் பேசிய பேச்சை எடுத்து மெட்டுப் போட்டதாகும். நல்ல பேச்சு. நல்ல பாட்டு. யார் வாயிலிருந்து வந்தாலும் நல்ல சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சொல்லை எடுத்துக்கொண்டால் சொன்னவருக்குக் கோயில் கட்டவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

மூடநம்பிக்கை மனதோடு நின்றுவிட்டால் நாம் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். அது உடம்பையும் தின்னும். 1977ல் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கண்டது. விரலை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. அங்கத்தைக் குறைத்துக்கொள்வது மதத்துக்கு விரோதம் என்பதே அவர் சொன்ன காரணம் என்று அவர் சரித்திரம் எழுதினவர்கள் பலரும் கூறுகின்றார்கள். ஆட்டத்துக்கும் பந்து விளையாட்டுக்கும் இடைஞ்சல் என்ற எண்ணமும் இருந்ததாகச் சொல்லுவதுண்டு. நகத்தடிச் சதையை மாத்திரம் எடுத்து வேறு தோல் வைத்துத் தைத்தார்கள். 1980 செப்டம்பரில் நோய் தலைக்கும் நெஞ்சுக்கும் பரவிவிட்டது தெரிந்தது. செப்டம்பர் 23ந் தேதி பிட்ஸ்பர்க் நகரில் கடைசிக் கச்சேரி. 1981 மே 11ந் தேதி மயாமி நகரில் மரணம். வயது 36. விரலை வெட்டியிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று சொல்ல நாம் வைத்தியரல்ல. ஆனால் ஒரு கால் விரலையும் ஒரு முழு ஆயுளையும் தராசில் வைத்தபோது, மதம் எந்தத் தட்டில் கையை வைத்து அழுத்திற்று என்பது மாத்திரம் தெரிகின்றது.

உயிலும் எழுதவில்லை. சாவைப் பற்றி நினைப்பதும் ஏற்பாடு செய்வதும் கூடாதென்பது அம்மதத்தாரிடையே பரவின எண்ணம். முதலாளிகளிடமிருந்து பாடுபட்டு மீட்ட சொத்து, அவர் கண் மூடினதும் ஏறக்குறைய பத்து வருஷம் கோர்ட்டிலே கிடந்தது. வக்கீல்களுக்கு ரஸ்தஃபாரி மதத்தைப்போல லாபம் தரும் மதம் வேறில்லை போலும்.

பெண்கள் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மார்லி பாட்டுக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தவர்கள் ரீட்டா, மார்சியா கிரிஃபித்ஸ், ஜூடி மோவாட் என்ற மூன்று பெண்கள். இதில் ஜூடி அம்மையார் சொந்த முயற்சியிலேயே 'பிளாக் உமன்' என்ற தொகுப்பைத் தயாரித்துத் தம் சொந்த லேபிளில் வெளியிட்டார். சுதந்திரப் பாடகர் என்ற பட்டத்துக்கு மார்லியைவிட இவரே அதிகப் பொருத்தமானவர் என்று வாதாடினால் நாம் மறுக்கமாட்டோம். ஆனால் இவர் படத்தை எந்தச் சலூனிலும் நாம் பார்த்ததில்லை. ரஸ்தஃபாரிகளில் சில பிரிவாருக்குள் மாதவிலக்கானவள் ஒதுங்கியிருக்கவேண்டும், அடுப்பைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கின்றது. இதைப் படிக்கும்போது எந்த ஊர் அக்கிரகாரத்தைப் பற்றிப் படிக்கின்றோம் என்று நமக்கே மயக்கம் வந்துவிட்டது. ஜூடி அம்மையார் பிற்காலத்தில் அந்த மதத்தை விட்டார். விட்டுவிட்டுக் கிறிஸ்துவ மதத்தில் சேர்ந்தார்!

இதையெல்லாம் ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். அவரும் கித்தார் வாசிப்பவர். நாட்டுப்பாட்டையும் ரெகேயையும் கலந்து தாமே பாட்டுக் கட்டி, கம்பெனி தயவில்லாமல் தாமே பதிவு செய்து வெளியிடுகின்ற வாலிபர். "அந்த நம்பிக்கைதான் அவருக்கு வேகம் கொடுத்தது, அதை எடுத்துவிட்டால் பாட்டே இராது. பழத்தைத் தின்னாமல் மரத்தை ஏன் நோண்டுகிறீர்கள்?" என்றார். யோசிக்கவேண்டிய கேள்வி தான். 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை விழாவுக்கு மார்லி தம் கைக்காசைப் போட்டுச் சாமான்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்ப் பாடினார். 1976ல் வீட்டில் புகுந்து சுட்டவர்களுக்குப் பயப்படாமல் இரண்டாம் நாளே மேடை ஏறினார். இந்தத் தைரியம் செலாசி கொடுத்ததா? அந்த ராஜாவே எதிரி வந்தபோது கப்பலேறினவராயிற்றே! டிரெஞ்ச் டவுன் பசியும், ஜோ ஹிக்ஸ் முற்றமும், மோட்டார் தொழிற்சாலைக் கூலியும், கார்வியின் பேச்சும் கொடுத்த தைரியத்தை ஒரு ராஜாவின் கணக்கில் வரவு வைப்பானேன்? நம்முடைய பாட்டன் வியர்வை சிந்தி வெட்டின குளத்தை, பூதம் வெட்டியது என்று ஸ்தலபுராணம் எழுதுகிற மாதிரியல்லவா இது இருக்கின்றது?

தோழர் பதில் சொல்லவில்லை, கித்தாரைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நாம் சொன்னதை இங்கேயும் சொல்லுகின்றோம். கம்பெனியிடமிருந்து பாட்டை மீட்டுக்கொண்டது உங்கள் சாமர்த்தியம். அதற்கு எங்கள் வாழ்த்து. ஆனால் சட்டையில் மார்லி, மேடையில் ஏறுமுன் ஸ்ரீராமஜெயம், பிளேட்டு வெளியிட நல்ல நாள் பார்த்து ஜோசியனுக்குத் தக்ஷிணை என்றால், எதிலிருந்து சுதந்திரம் பெற்ற பாடகர் நீங்கள்? அவர் சிரித்துவிட்டு, ஜோசியனிடம் போனது தாயாருடைய கட்டாயத்தின் பேரில் என்றார்.

1984ல், அதாவது மாண்டு மூன்று வருஷத்தில், கம்பெனியார் 'லெஜெண்ட்' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். கோபமான பாட்டுகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு, காதலும் சந்தோஷமுமான பாட்டுகளாகப் பொறுக்கி வைத்தார்கள். அது கோடிக்கணக்கில் விற்றது. இன்று உலகம் அறிந்த மார்லி அந்தத் தொகுப்பு மார்லியே. கடவுள் ஆக்கப்பட்டவன் முகத்தில் எப்போதும் புன்சிரிப்புத்தான் இருக்கவேண்டும் என்பது கடைக்காரர் சாஸ்திரம்.

அவரை ஒரு கித்தாரோடும் ஒரு பைபிளோடும் நைன் மைல் கிராமத்தில் அடக்கம் செய்திருக்கின்றார்கள். இப்போது அது ஒரு க்ஷேத்திரம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். அவர் தலை வைத்துப் படுத்த கல் என்று ஒரு கல்லுக்குச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பூசி வைத்திருக்கின்றார்கள். வருகிறவர்கள் அதன்மேல் தலையை வைத்துப் பார்க்கிறார்கள். அதே ஜில்லாவில் கடலோரத்தில் செயிண்ட் ஆன்ஸ் பே என்ற ஊர் இருக்கின்றது. கார்வி பிறந்த ஊர் அது. அங்கே நூல்நிலையத்தின் முன்னால் அவர் சிலை நிற்கின்றது. ஜமைக்காவுக்குப் போக வாய்ப்புள்ள தோழர்கள் யாராவது இருந்தால், கல்லைப் பார்த்துவிட்டு, அந்த நூல்நிலையத்துக்குள்ளும் கொஞ்சம் நுழைந்து வரட்டும்.